அடிப்பிடித்த பானையும் நம் கொல்லை வாசற்படியும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் அக்கா மகள் குருவி மூன்று பேரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, அதையும் வீட்டில் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டோம். நீயும் மருமகளும் சின்னவனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறந்தேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். இது உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம்.

நீ வீடு கட்டச் சொன்ன கொல்லை நிலத்தில் கொத்தனார் போன வாரம் மூலைக்குழி எடுத்தார். இடுப்பளவு போனதும் கடப்பாரை ணங்கென்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் ஒரு வாசற்படி, நடுவில் கிண்ணம் மாதிரி தேய்ந்திருக்கிறது. எத்தனை கால் மிதித்தால் கல் அப்படித் தேயும். குருவி ஓடிப்போய்த் தொப்பியம்மாவைக் கூட்டி வந்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் புதைந்த ஊரைத் தோண்டுகிறார்களே, அவர்களுக்குத் தலைவி, வெயிலோ நிழலோ தொப்பியைக் கழற்ற மாட்டாள். அவள் குழிக்குள் இறங்கி அந்தப் படியைத் தொட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு, இதைத்தான்மா மூணு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம் என்றாள். அந்தக் காலத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு தூர தேசத்திலிருந்து வந்தவர்கள் தங்கிய சத்திரமாம்.

இதற்கு முன் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குருவி சொல்லிச் சிரிப்பாள். அவள் அந்தத் தோண்டுகிற இடத்தில் கிடைக்கிற பானை ஓடுகளைப் படம் வரைகிறாள். கழுவ ஆள் போதவில்லை என்றாள், நானும் போனேன். பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொடுத்தார்கள். எனக்கு அது வேலையாகவே தெரியவில்லை. ஒரு கூடை முழுக்கப் பானைத் துண்டுகள், உள்பக்கம் கருகருவென்று அடிப்பிடித்திருந்தது. மறுநாள் வீட்டிலிருந்து கம்பி நார் கொண்டுபோய்த் தேய்த்துப் பளிச்சென்று அடுக்கி வைத்தேன், பாராட்டுவார்கள் என்று. தொப்பியம்மா பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவங்க என்ன சமைச்சாங்கன்னு அந்தக் கறுப்புலதாம்மா இருந்துச்சு என்றாள், திட்டக்கூட இல்லை. நல்லவேளை, கூடையின் அடியில் ஒரே ஒரு துண்டு என் கைக்குத் தப்பியிருந்தது. அதன்பிறகு என்னைக் கழுவ விடவில்லை, பெட்டிகளுக்குச் சீட்டு எழுதச் சொன்னார்கள். அஞ்சாவது படித்தவள் கையெழுத்துதான் இப்போது அங்கே எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது.

அந்தத் துண்டைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வந்துவிட்டது. இந்தப் பக்கம் விளையாத ஏதோ தானியமாம், பாலில் வேகவைத்திருக்கிறார்கள். தூர தேசத்திலிருந்து வந்த எவனோ தன் ஊரிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறான். யார் கட்டிக் கொடுத்தார்களோ. நீ அங்கே போன முதல் மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு என்னோடு பேசிக்கொண்டிருந்து, பாத்திரம் கருகி, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினாரே, அன்று நான் சிரித்துவிட்டு போனை வைத்தபிறகு அழுதேன். அது உனக்குத் தெரியாது. அந்தப் பதிலைக் குருவி படித்துச் சொன்னபோது எனக்கு அதுதான் நினைவு வந்தது.

இப்போது விஷயம் இதுதான். நிலம் நம்முடையதாகவே இருக்கும், ஆனால் அங்கே வீடு கட்டக் கூடாது. தொப்பியம்மாவின் ஆட்கள் படிக்குமேல் கூரை போட்டுப் பாதுகாப்பார்கள், நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கொத்தனார் அஸ்திவாரம் போடுவார், படி அதோடு போகும். அப்பாவுக்கு ஒரே கோபம். எவனோ செத்துப்போனவன் தங்கின இடத்துக்காக என் புள்ள வீட்டை விடணுமா என்றார். குருவி சும்மா இருப்பாளா, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே தாத்தா என்றுவிட்டாள். நேற்று மதியம் மழை இறங்கியது. எட்டிப் பார்த்தால் மனிதர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழிமேல் தார்ப்பாய் விரிக்கிறார். என்னங்க இது என்றேன். தண்ணி தேங்குனா கொசு வரும் என்றார்.

உனக்கு அது எத்தனை வருஷக் கனவென்று எனக்குத் தெரியாதா. எனக்கென்று கிழக்கே ஜன்னல் வைத்து ஒரு அறை வரைந்திருந்தாய், அந்தப் படத்தை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இந்தப் பழைய வீட்டுக்கு மேலே இரண்டு அறை எடுக்கலாம் என்கிறார் கொத்தனார், கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருக்கும். நான் ஒரு தடவை தெரியாமல் தேய்த்து அழித்தேன். தெரிந்துகொண்டே இன்னொன்றை அழிக்க மனசு வரவில்லை. ஆனால் நிலம் உன் பேரில் இருக்கிறது, முடிவு உன்னுடையது. வேண்டாம் என்றாலும் கோபப்பட மாட்டேன், தொப்பியம்மாவிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நீ பதில் எழுதும்வரை கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மருமகளைக் குளிரில் வெறுங்காலோடு நடக்க விடாதே. சின்னவனுக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். பால் அடுப்பில் இருந்தால், நானே கூப்பிட்டாலும் போனை எடுக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா