அதிகாரியை அழவைத்த கட்டுரை

டீச்சர்,

இன்று காலை பினாயில் விற்பவர் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "மோந்து பாருங்கம்மா, தண்ணி கலக்காத சரக்கு" என்று பாட்டிலைத் திறந்து மூக்கருகே நீட்டினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. நம் பள்ளியில் பினாயில் வாடை வந்தால் அன்று இன்ஸ்பெக்ஷன் என்று அர்த்தம். அந்த ஒரு நாள்தான் பெண்கள் கழிப்பறையின் பூட்டைத் திறப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. நீங்கள் தமிழ் டீச்சர், நான் கணக்கு டீச்சர். 'எங்கள் பள்ளி' என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் நோட்ஸில் இருப்பதை அப்படியே இறக்கிவைப்பார்கள். காற்றோட்டமான வகுப்பறைகள், அன்பான ஆசிரியைகள், முடிவுரை. உங்களுக்கு அது அறவே ஆகாது. உங்கள் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்தவர். கேட்பவரை இணங்கவைக்க மூன்று வழி உண்டு என்று பழைய கிரேக்கர்கள் சொன்னதை உங்களுக்குச் சொல்லியிருந்தார். அதை நீங்கள் கரும்பலகையில் நம் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதிப் போட்டீர்கள்: ஆள், காரணம், மனசு.

"சொல்றவளை நம்பணும், சொல்றது சரியா இருக்கணும், கேக்கறவங்களுக்கு உறைக்கணும். மூணும் இருந்தா எந்தக் கல்லும் கரைஞ்சுடும்" என்பீர்கள்.

"கரைஞ்சா சேறுதான் மிஞ்சும் டீச்சர்" என்று நான் கிண்டல் செய்வேன்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் மூன்றையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான் கடற்கரைப் பெண், கஷ்டம் பழகியவள், சின்ன விஷயத்துக்கெல்லாம் முறையிட மாட்டேன் என்று தொடங்கினாள். கழிப்பறை இருக்கிறது, சாவி ஆபீசில் இருக்கிறது, அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதினாள். மயங்கி விழுந்தால் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள், தண்ணீர் குடித்தாயா என்று யாரும் கேட்பதில்லை என்று முடித்திருந்தாள்.

இன்ஸ்பெக்ஷன் அன்று அதை அவளையே வாசிக்கச் சொன்னீர்கள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "நல்லா எழுதியிருக்கேம்மா" என்று அவள் தலையில் கை வைத்தார். அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த மாதமே உங்களுக்கு மாறுதல் உத்தரவு வந்தது, ஆந்திரக் கரையில் இருக்கும் நம் புதுச்சேரி சர்க்காரின் ஏனாமுக்கு. தெலுங்கு பேசும் ஊரில் தமிழ் டீச்சருக்கு என்ன வேலை? நூலகத்தைக் கவனித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அது தண்டனை என்று காரைக்காலில் சர்க்கார் வேலை பார்ப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கழிப்பறை பூட்டியது பூட்டியபடியே கிடந்தது.

மாயவரம் பஸ்ஸில் உங்களை ஏற்றிவிட வந்தேன்.

"அவர் நிஜமாத்தான் அழுதாரு டீச்சர். நீங்களும் பாத்தீங்கல்ல?" என்றீர்கள்.

"அழுதாரு. ஆர்டர்ல கையெழுத்துப் போட்டதும் அவருதான்."

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்படிச் சொன்னதற்காக நான் வருந்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் காரியம் முடிந்தது என்று ஒரு படித்த பெண் நம்பலாமா? இரண்டு வருடம் கழித்து, அங்கேயே காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று செய்தி வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர்கள் மேல் மட்டுமல்ல, உங்கள் மேலும்தான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீங்கள் போன மறுவாரம் அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"என் கட்டுரையாலதானே டீச்சர் அவங்களை மாத்திட்டாங்க?"

அவளிடம் சமாதானம் எல்லாம் எடுபடாது, நீங்கள் அப்படிப் பழக்கிவைத்திருந்தீர்கள்.

"ஆமாம்மா. ஆனா நீ எழுதினதுல ஒரு தப்பும் இல்ல" என்றேன்.

"அப்ப அரைப்பரீட்சையில நான் எதை டீச்சர் எழுதட்டும்?"

உங்களிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்டாள். உண்மையை எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, நோட்ஸை எழுது என்று சொல்லவும் வரவில்லை. மணி அடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குப் போனாள். அரைப்பரீட்சையில் தமிழில் அவள்தான் முதல் மார்க். என்ன எழுதினாள் என்று நான் விசாரிக்கவில்லை.

இன்றைக்கும் என் பேத்தி கட்டுரை நோட்டோடு வந்து "என்ன எழுதட்டும்?" என்று கேட்டால், "உங்க அம்மாகிட்ட கேளு" என்று எழுந்து போய்விடுகிறேன், டீச்சர்.