பள்ளத்துக்குக் காட்டாத கை

யோவ் மாமா,

மே மாசத்துக்கு நம்ம கிளப்புல சொன்ன முந்நூறு கிலோமீட்டரையும் சைக்கிள்ல ஓட்டி முடிச்சிட்டேன். எண்ணூர் ரோட்டுல வெயில் மண்டையப் பொளக்குது. கண்டெய்னர் லாரிப் புழுதி வேற.

பள்ளம் வந்தா பின்னால வர்றவங்களுக்குக் கையைக் கீழ காட்டணும்னு நீதானே கத்துக்குடுத்த? உன் போட்டோவுக்குப் போட்ட மாலையே காஞ்சிபூட்ச்சி. நான் இன்னும் உனக்குக் காட்டிகினுதான் போறேன்.

இன்னிக்கு முன்னால போன கிளப்பு மாயா திரும்பிப் பாத்து, "பின்னால யாருமே இல்லியேக்கா, யாருக்குக் காட்டிகினு வர்ற?"ன்னு கேட்டா. எனக்கு உன்மேலதான் கோவம் வந்துச்சி. திருவொத்தியூர்ல வந்த அடுத்த பள்ளத்துக்குக் கையே காட்டல.

பின்னால சைக்கிள் ஒண்ணு தொம்முனு விழுந்த சத்தம் கேட்டுச்சி. திரும்பிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

ரொம்ப அடிபட்டுச்சாய்யா?

எப்பவும் உனக்கு முன்னால போறவ