தேவாலய வாசலில் சப்பாத்துகள்

ஞாயிறு இரவு, மொன்றியல்

அயர்லாந்திலிருந்து இன்று பின்னேரம் வீடு வந்து சேர்ந்தோம். வோட்டர்போர்டில் வைக்கிங்குகள் வந்திறங்கிய ஆற்றங்கரை, வட்டக் கோபுரம், மத்திய காலத்து மதில் எல்லாம் அழகுதான். ஆனாலும் மனம் அங்கே பார்த்த ஒரு பழைய தேவாலயத்தின் வாசலிலேயே நிற்கிறது.

இவர் கோயிலுக்குப் போவதுபோலச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, இஞ்ச ஒருத்தரும் கழட்டுறேல்லை" என்றேன்.

"சாமி இருக்கிற இடம்தானே" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவரைத் தெரியாதவள்போலச் சப்பாத்தோடு முன்னால் நடந்தேன்.

வெளியே வந்தபோது அவருடைய சப்பாத்துக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு சோடி வரிசையாக இருந்தன. அதுதான் அங்கே வழக்கம் என்று பின்னால் வந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்று வந்ததும் இவர் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, நாங்கள் ரெண்டுபேரும் கழட்டினதைப் பாத்து வெள்ளைக்காரரும் கழட்டினவை!"

நான் கழற்றவில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கிவந்த பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்த நான் திருத்தவில்லை. அவருடைய தேநீருக்கு இன்றைக்கு மட்டும் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன்.