ஏழு மணிப் பலகை

நீல் தீவு,
தேய்பிறை சஷ்டி.

என் அக்கா பெற்ற தபதிக்கு, மாமா நித்யகோபால் ஆசி கூறி எழுதுவது. நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். அந்த ரிசார்ட் வாசலில் ‘தினமும் காலை ஏழு மணிக்குப் பவளப்பாறை நடை’ என்று பலகை மாட்டினார்களே, அன்றைக்கே, பெயின்ட் காய்வதற்கு முன்பே, முதலாளி பாத்ரா பாபுவின் முகத்துக்கு நேரே சொன்னேன்: “ஏன் பாபு, கடல் என்ன உங்க வேலைக்காரனா? தினம் ஏழு மணிக்கு வத்திப்போய்க் கைகட்டி நிக்குமா? அது நாளுக்கு முக்கால் மணி தள்ளித் தள்ளித்தான் வத்தும்.” அவன் பல்லைக் காட்டினான். “மாமா, கெஸ்டுங்க படகு ஏறுறதுக்கு முன்னால ஒரு நடை போகணும். அவ்வளவுதான்” என்றான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் துறைமுகத்துப் பெரிய அதிகாரிகளே என்னைக் கேட்டுத்தான் நீர்மட்ட அட்டவணை அச்சடிக்கிறார்கள். எனக்குத் தெரியாதா?

அவனை விடு. அன்று ஆட்களைப் பாறைக்குக் கூட்டிப்போன வழிகாட்டி நீ, உனக்கு எங்கே போயிற்று புத்தி? பௌர்ணமிக்கு மறுநாள் தண்ணீர் விடியுமுன் வற்றி, ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிவிடும். ஏழு மணிக்கும் கரையில் நின்று பார்த்தால் பாறை வெளியேதான் தெரியும். உள்ளே போய் நட்சத்திர மீனையும் நீல உதட்டுச் சிப்பியையும் காட்டிவிட்டுத் திரும்பினால், முதுகுக்குப் பின்னால், பாறைக்கும் கரைக்கும் நடுவே ஓடும் வாய்க்கால் நிறைந்திருக்கும். அங்கேதான் அந்த நாக்பூர் டீச்சரம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மற்ற நால்வரையும் நீ கரையேற்றிவிட்டு, அவரைத் தோளில் சாய்த்துக் கடைசி ஆளாக வந்தாயாம். அதை யாரும் பேசுவதில்லை. ஆறு பேரை அலை இழுத்தது என்றுதான் ஊரில் பேச்சு. அதில் இரண்டு பேர்தான் நான் சேர்த்தது.

மறுநாள் முதல் படகில் போர்ட் பிளேர் போய்ப் பெரியம்மா வீட்டில் ஒளிந்துகொண்டாய். ஒரு வார்த்தை சொன்னாயா? உன் அம்மா ஒவ்வொரு படகுக்கும் படகுத்துறையில் போய் நிற்கிறாள். கேட்டால் கத்தரிக்காய் மூட்டை ஏற்ற வந்தேன் என்கிறாள். எங்கள் வயலில் இந்த மாதம் கத்தரிக்காயே இல்லை.

நேற்று வழிகாட்டிகள் சங்கம் கூடியது. உன்னைத் தவிர பதின்மூன்று பேரும் வந்திருந்தார்கள். முதல் கேள்வி, “குச்சி நட்டாளா?” என்பதுதான். வாய்க்கால் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை நடாமல் எவனும் பாறையில் கால் வைப்பதில்லை, துணி நனைந்தால் திரும்பிவிட வேண்டும். அன்று உன் குச்சி அங்கே இல்லை. செயலாளர் நிரஞ்சன் மிஸ்திரி இருக்கிறானே, அவன் வெற்றிலையை மென்றுகொண்டே, “பொம்பளைக்கு எதுக்கு முறை குடுக்கணும்னு நான் அன்னிக்கே கேட்டேன். இப்ப பாருங்க” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் வெற்றிலைப் பெட்டியைக் கடலில் வீசியிருப்பேன். “அடேய் நிரஞ்சன், போன வருஷம் உன்கூட வந்த மாப்பிள்ளைப் பையன் பாறையில கடல்முள்ளு மேல உக்காந்து, ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தானே, அப்ப பட்டியல்ல உன் பேர அடிச்சோமா?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அதோடு விட்டேனா? எழுந்து நின்று சாட்சி சொன்னேன். அன்று காலை நான் தாழம்புதர் ஓரம் நின்றிருந்தேன், என் இரண்டு காதாலும் கேட்டேன் என்றேன். பாத்ரா பாபு உன்னிடம், “குச்சி கிச்சி எல்லாம் நடாத, கெஸ்ட் பயந்துடுவாங்க. முடியாதுன்னா நாளையிலேர்ந்து வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன்” என்று மிரட்டியதைச் சொன்னேன். கூட்டம் அப்படியே திரும்பிவிட்டது. அந்தப் பலகையை இறக்கும்வரை யாரும் அந்த ரிசார்ட்டுக்கு நடை போவதில்லை என்று முடிவானது. உன் பெயரை அடிக்கவில்லை. ஆனால் ஏகாதசியன்று, தண்ணீர் சரியாக வற்றாமல் எல்லோரும் சும்மா இருக்கும் நாளில், நீ நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். வராவிட்டால் பட்டியலில் உன் பெயர் இருக்காது. வேறொரு பெண்ணை இனி சேர்க்கவும் மாட்டார்கள்.

இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் காட்டாதே. பாத்ரா பாபு அப்படி மிரட்டியதை நான் கேட்கவில்லை. தாழம்புதர் ஓரம் நான் நிற்கவே இல்லை. அன்று நான் பாயைச் சுருட்டியபோது மணி ஒன்பது. குச்சி ஏன் அங்கே இல்லை என்பது உனக்குத்தான் தெரியும். அவன் மிரட்டியது நிஜமானால் அதைச் சொல். நீயே மறந்திருந்தால், மறந்தேன் என்று சொல். என் வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக நீ பொய் சொல்லாதே. என்னைப் புளுகன் என்பார்கள். சொல்லட்டும், நான் உன் பக்கத்தில்தான் நிற்பேன். நீ வா, தபு.

உன் கோபக்கார மாமா,
நித்யகோபால் ஹால்தார்