எஞ்சினை இறக்காமல் பிஸ்டன் மாற்றிய விவரம்

செல்வமேரி அக்காவுக்கு,

எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே பிஸ்டன் மாற்றலாம் என்று சேலம் ஜில்லாவில் நிரூபித்த முதல் பி.எஸ்ஸி. மாணவன் உன் தம்பிதான். மேல்மூடியையும் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியையும் கழற்றினால் பிஸ்டன் நாலும் மேல்வழியாக வந்துவிடும். வந்தன. புதியவை உள்ளேயும் போயின.

ஆனால் பிஸ்டன் தண்டுகளை அடியில் பிடிக்கும் மூடி நாலையும் ஒரே மண்ணெண்ணெய்ச் சட்டியில் போட்டுக் கழுவிவிட்டேன். எது எந்தத் தண்டுக்கு என்று எனக்கும் தெரியவில்லை, சட்டிக்கும் தெரியவில்லை. தோன்றியபடி மாட்டினேன். எஞ்சின் சுற்றவில்லை. கைப்பிடி போட்டு முக்கிச் சுற்றியதில் எஞ்சினைச் சுழற்றும் கிராங்க் தண்டு கீறிவிட்டது. கல்யாணப் பெண்ணான உன்னைப் புகை கக்கும் வண்டியில் கோயிலுக்கு அனுப்ப மனமில்லாமல்தான் தொட்டேன். இனி நாளைக்குப் புகையும் இல்லை, வண்டியும் இல்லை.

"இறக்காம ஆகாதுங்க தம்பி" என்ற இளம்பிள்ளை மேஸ்திரி சென்னிமலையை, எஞ்சினைச் சங்கிலியில் தூக்குவதால் கிணற்றில் வாளி தூக்குகிறவர் என்று அப்பா முன்னாலேயே கேலி செய்தேன். அப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. திருச்சியிலிருந்து அத்தையோடு சாயங்காலம் வருகிறார். வண்டி கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போ.

நீ பாவசங்கீர்த்தனம் முடித்துச் சீக்கிரம் வந்துவிடுவாய். எனக்கென்றால் பாவங்களைக் கேட்டு முடிக்கச் சாமியாருக்கு ஒரு வாரம் ஆகும். குழம்பு மூடியிருக்கிறது. மண்ணெண்ணெய் வாடை மூடியில் மட்டும்தான்.

சைக்கிளில் இளம்பிள்ளை போகிறேன்.

பாக்கியநாதன்

வேப்பமரத்துத் துணிக்கொடியை அவிழ்த்து வை அக்கா. மேஸ்திரி சங்கிலி கட்ட அந்தக் கிளை வேண்டும்.