வெள்ளை ரீசேட்

ஜூன் 14, சனி

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். விளையாட்டுக் கழகத்து மரதன் ஓட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமை. நாற்பது தாண்டியவர்களுக்குப் பதினைந்து கி.மீ. பெயர் கொடுத்தாயிற்று, இனி மானம் போகாமல் ஓடி முடிக்க வேண்டும்.

உடுப்பு: கட்டைக் காற்சட்டை (பழையது, நாடா மாற்ற). சொக்ஸ் 2. ரீசேட், முருங்கனில் வாங்கியது, வெள்ளை, சுத்தப் பருத்தி. எடுத்தது மனைவி ஜெசி. இருபத்திரண்டு வருடமாக எனக்கு வெள்ளைதான் எடுப்பாள். வெயிலுக்கு நல்லதென்றாக்கும்.

நேற்றுக் கந்தோரில் கூட வேலை செய்யும் றிஸ்வான், முன்பு மாகாண அணிக்கு ஓடினவன், தலையை ஆட்டினான். "பருத்தி வேணாம் அண்ணன். வேர்வையக் குடிச்சிட்டு உரஞ்சும்." மன்னார் வெயிலுக்குப் பருத்தியை விட்டால் வேறென்ன? இவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு நொட்டை.

ஜூன் 15, ஞாயிறு

 

முதற்பூசைக்கு முன் வெளிக்கிட்டேன். பாலம் தாண்டித் திரும்பி ஒன்பது கி.மீ. ஆறாவதில் நெஞ்சில் எரிச்சல். உப்புக் காற்று என்று விட்டுவிட்டேன். மீன் பெட்டியோடு வந்த ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அண்ணை, ஆஸ்பத்திரியில விடவோ?" வயதைப் பார்த்துக் கேட்கிறார் என்று கோபம். இன்னும் வேகமாக ஓடினேன்.

வீட்டுப் படலையில் ஜெசி, கையில் விளக்குமாறு. என் நெஞ்சைப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். குனிந்து பார்த்தால் ரீசேட்டில் இரண்டு பக்கமும் இரத்தம், வயிறு வரை வழிந்து.  யாரும் சுட்டுப்போட்டார்களோ என்று ஒரு கணம்.

கழற்றினால் காயமே இல்லை. நனைந்த பருத்தி மார்புக் காம்பு இரண்டையும் அராவியிருக்கிறது, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. நெஞ்சு, முதுகு, விலா எல்லாம் கையால் தடவித் தடவித் தேடினாள். பூசைக்குப் போகவில்லை. 

ஜூன் 17, செவ்வாய்

றிஸ்வானிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, நல்லவன். அவன் சொன்னவை: வழுக்கும் துணி. வசலீன். காம்பில் பிளாஸ்டர். "கறுப்பா எடுங்க அண்ணன். இரத்தம் பட்டாலும் தெரியாது."

அதுதான் சரி என்று பட்டது. ஜெசி இனிப் பயப்படத் தேவையில்லை. பஸ் நிலையத்தடிக் கடையில் கறுப்பு ஒன்று எடுத்தேன், போட்டதே தெரியாத மெல்லிசு. வீட்டில் காட்டினேன். வாங்கினாள், மடித்தாள், திருப்பித் தந்தாள்.

"இதைப் போடாதேங்கோ."

ஏன் என்றேன்.

"அண்ணா அண்டைக்குக் கறுநீலச் சேட் போட்டிருந்தவர். செல் விழுந்து வெடிச்சாப்பிறகு சைக்கிள்ல வந்தவர். ஒண்டுமில்லை, களைப்பு எண்டு கதிரையில இருந்தவர். நான் பக்கத்தில இருந்து அரை மணித்தியாலம் பள்ளிக்கூடக் கதை கதைச்சனான். தேத்தண்ணி குடுக்கேக்கைதான் கதிரை ஈரம் எண்டு கண்டனான்."

அவளுடைய அண்ணன் சண்டைக் காலத்தில் செல் குண்டில் செத்துப்போனது தெரியும். இது தெரியாது. இருபத்திரண்டு வருடம், ஒரே வீடு. வெயிலுக்கென்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், மடையன்.

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். சேட் பதினொன்று. எல்லாம் வெள்ளை.

ஓடுவதை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"ஓடுங்கோ. பட்டா எனக்குத் தெரியிற உடுப்பில ஓடுங்கோ."

ஜூன் 21, சனி

காற்றுக் குறைவு. வழுக்கும் துணியில் வெள்ளை, ஜெசியே கடை கடையாகத் தேடி எடுத்தது. பிளாஸ்டரும் அவளே ஒட்டினாள். பன்னிரண்டு கி.மீ. எரிச்சல் இல்லை. இடது சப்பாத்து மட்டும் கடிக்கிறது.

படலையில் நின்றாள். கிட்டப் போனதும் கையைக் காட்டி மறித்தாள். நெஞ்சைப் பார்த்தாள்.

"திரும்புங்கோ."

திரும்பி நின்றேன். றோட்டில் போன பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். நின்றேன்.

"சரி. உள்ளுக்கு வாங்கோ."