கயிறு கட்டிய பலகை

மார்ச் 3, புதன்

காலையிலேயே வெயில். கராஜ் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. அறுவடைக் காலம், சம்மாந்துறைப் பக்கமிருந்து உழவு இயந்திரங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன.

முதல் வேலை மச்சானின் கார். என் அக்கா, ராத்தாவின் கணவர். சொந்தம் என்றால் வரிசையெல்லாம் கிடையாது. போன மாதம் கொழும்பில் வாங்கிய கார். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் இல்லை, ஒரு பட்டன்தான். அழுத்தினால் மோட்டார் கம்பியை இழுத்துப் பின்சக்கரங்களைப் பிடிக்கும். பிடிக்கவில்லையாம். நேற்று முற்றத்தில் தானாக முன்னால் உருண்டு கிணற்றுக் கட்டில் முட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் இடம். அல்லாஹ் காப்பாற்றினான்.

"வித்தவன் என்ன ஏமாத்திட்டான் மச்சான்."

"பொறுங்க மச்சான். எனக்குத் தெரியாத பிரேக் இன்னும் இந்த ஊருக்கு வரல்ல."

பெட்டரி சரி. பட்டன் சரி. பியூஸ் பெட்டியில் ஓர் இடம் வெறுமை. எரியவில்லை, பியூஸே இல்லை! புதிதாக ஒன்று போட்டேன். மோட்டார் உறுமிக்கொண்டு பிடித்தது. இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு பிளேன்டீ.

மார்ச் 5, வெள்ளி

ஜும்ஆவுக்கு முன் மச்சானின் அழைப்பு. திரும்பவும் பிடிக்கவில்லை. எரிச்சல். நான் செய்த வேலை திரும்பி வருவதில்லை. தொழுகை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்கு.

கார் மேற்கே பார்த்து நின்றது. அது புதினமில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரை வீதியில் எல்லா வண்டியும் பிரதான வீதியைப் பார்த்துத்தான் நிற்கும். ஆனால் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பலகை. பலகையில் கயிறு. கயிற்றின் நுனி கண்ணாடி வழியாக ஓட்டுநர் இருக்கைக்குப் போகிறது, உள்ளே இருந்தே பலகையை இழுத்தெடுக்க. பியூஸ் பழையபடி காணோம்.

மச்சான் முழித்தார். ராத்தா குசினி அடுப்படியிலிருந்தே சொன்னார்: "நான்தான் கழட்டின. நீ போட்டா திரும்பவும் கழட்டுவன்."

"எந்த பியூஸ் எண்டு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மூடியில படம் போட்டிருக்கே. கண் இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

மச்சான் சத்தம் போட்டார். ராத்தா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தம்பி, ஒண்டு சொல்லு. பெட்டரி செத்தா இந்த பிரேக் விடுமா?"

"விடாது ராத்தா."

"பெட்டரி செத்தா ஸ்டார்ட்டும் வராதுதானே?" என்று மச்சான்.

"தள்ளி எடுக்கலாம். பிரேக் பிடிச்ச காரத் தள்ள ஏலுமா?" என்று ராத்தா.

சுனாமி வந்த அன்றைக்கு வாசலில் வேன் நின்றது. திறப்பும் அதிலேயே தொங்கியது. ஓட்டத்தான் வீட்டில் ஆளில்லை. ராத்தா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடினார். சின்னவனின் கை நழுவிவிட்டது. அதன் பிறகுதான் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தார். இப்போது நான் பியூஸைப் போட்டால் அவருக்குத் தூக்கம் போய்விடும். போடாவிட்டால் கார் யாருடைய பிள்ளை மேலாவது ஏறும். ஆனாலும் வழி காரிலேயே இருக்கும் என்று நிச்சயமாகத் தெரியும்.

மார்ச் 6, சனி

இருந்தது. டிக்கி விரிப்புக்குக் கீழே தனியாக ஒரு கம்பி. கரண்ட் இல்லாத நேரம் கொக்கி போட்டு இழுத்தால் பிரேக் விடும். செய்தவன் மடையனில்லை. புது பியூஸ் போட்டு, பிரேக்கைப் போட்டு, பெட்டரியைக் கழற்றி வைத்தேன். பெருமையோடு ராத்தாவைக் கூப்பிட்டேன்.

"இழுங்க."

இழுத்தார். பாதிக் கம்பி கையோடு வந்துவிட்டது. உப்புக்காற்று தின்ற கம்பி.

"இதுதானா?" என்றார். சிரிக்கவில்லை. மச்சான் மட்டும் மரத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அசல் கம்பிக்குக் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. உழவு இயந்திரக் கம்பியை அளந்து வெட்டி, தலை வைத்து, கிரீஸ். மோட்டார் பிளக்கில் பச்சை பிடித்திருந்தது, துடைத்தேன். மச்சானுக்குச் சொல்ல வேண்டியவை: தினமும் பிரேக் போட்டு எடுக்க வேண்டும், சும்மா விட்டால் துருவில் இறுகும். மாதம் ஒரு தடவை கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும்.

மார்ச் 8, திங்கள்

மேகமூட்டம். புதுக் கம்பி பூட்டியாயிற்று. மறுபடி பெட்டரியைக் கழற்றினேன். ராத்தா அபாயாக் கையை மடித்துவிட்டுக் குனிந்து இழுத்தார். 'டக்'. மச்சான் தள்ளினார், கார் நகர்ந்தது.

"பிரேக்கத் திரும்பப் போடு. புள்ளயும் இழுக்கட்டும்," என்றார் ராத்தா.

மகள், மூத்தவள், இரண்டு கையாலும் இழுத்தாள். விட்டது. நான் வேலை ஆயுதங்களை எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

"ஒரு கையால இழு புள்ள. மற்றக் கையில ஆள் இருக்கும்," என்றார் ராத்தா.

அவள் ஒரு கையால் இழுத்தாள். வரவில்லை. ராத்தா என்னிடம் கையை நீட்டினார், பியூஸைக் கழற்றித் தரச் சொல்லி.

"ஒரு நாள் தாங்க ராத்தா. ஒரேயொரு நாள்."

மார்ச் 9, செவ்வாய்

உழவு இயந்திரக்காரர்கள் திட்டினார்கள். திட்டட்டும். கொக்கியை எறிந்துவிட்டு, முழ நீளத்தில் நெம்புகோல்போல் ஒரு கைப்பிடி வெல்டிங் வைத்தேன். நெம்பினால் போதும்.

பின்னேரம் மூத்தவள் ஒரு கையால் நெம்பினாள். விட்டது. இடது கையாலும். ராத்தா தானும் இரண்டு தரம் நெம்பினார். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, பட்டனைத் தன் விரலாலேயே அழுத்தினார். மோட்டார் உறுமிப் பிடித்தது. இறங்கி வந்து பலகையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தென்னைக்கும் ஜன்னலுக்கும் இடையில் இழுத்துக் கட்டினார்.

நான் புறப்படும்போது அதில் மச்சானின் சாரன் காய்ந்துகொண்டிருந்தது.